முதலில் கோபம், பிறகே மன்னிப்பு

உளவியல் ஆலோசனையில் மன்னிப்பு என்பது, தனக்கு அநீதி செய்தவர்மீது கொண்ட வன்மத்தை, நியாயம் தன் பக்கம் இருந்தும் ஒருவர் தானாக முன்வந்து கைவிடுவது. நடந்தது சரி என்று ஒப்புக்கொள்வதோ, மறந்துவிடுவதோ, போட்ட வழக்கை வாபஸ் வாங்குவதோ இதில் சேராது. பழைய உறவுக்குத் திரும்பியாக வேண்டும் என்பதும் இல்லை. அடிக்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதல் தேவை பாதுகாப்பு. அந்தக் கட்டத்தில் மன்னிப்புப் பேச்சை எடுப்பதே தவறு.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் என்ரைட் 1985 முதல் மன்னிப்பை ஆராய்ந்து வருபவர். அவர் வகுத்த முறையில் நான்கு கட்டங்கள் உண்டு: காயத்தை வெளிக்கொணர்வது, மன்னிக்க முயல்வதென்று முடிவெடுப்பது, அதற்காக உழைப்பது, பட்ட துன்பத்தில் ஒரு பொருளைக் கண்டடைவது. முதல் கட்டமே கடினமானது. அவசரத்தில் தாண்டப்படுவதும் அதுதான். “போனது போகட்டும், கூடப் பிறந்தவன்தானே” என்று வீட்டார் சொல்லிச் சொல்லி அனுப்பிய, அண்ணனிடம் சொத்தை இழந்த ஒருவர், வந்து உட்கார்ந்ததுமே “நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்” என்பார். தாடை இறுகியிருக்கும். அண்ணன் பெயர் வாயில் வராது, “அந்த ஆளு” என்றுதான் வரும். அனுபவமுள்ள ஆலோசகர் அதை மறுத்துப் பேசுவதில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று பக்கத்தில் யார் இருந்தார்கள், அம்மா என்ன சொன்னார், வீட்டுக்கு வந்ததும் இவர் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கோபம் அந்தச் சின்னச் சின்ன விவரங்களுக்குள்தான் அடைந்து கிடக்கிறது.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது காயத்தைப் பொறுத்தது. சிறுவயதில் உறவினரின் பாலியல் வன்முறைக்கு ஆளான 12 பெண்களைப் பற்றி சூசன் ஃப்ரீட்மனும் என்ரைட்டும் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒரு சந்திப்பு. அவரவர் வேகத்தில், சராசரியாக 14 மாதங்களுக்கு மேல். அவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, எதிர்காலத்தின் மீதான நம்பிக்கை கூடியது. 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கொலம்பியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன், இந்தோனேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் 4,598 பேர் பங்கேற்றார்கள்; மூன்று மணி நேரத்தில் தாமே செய்து முடிக்கக்கூடிய ஒரு பயிற்சி ஏடே பலன் தந்தது. இரண்டும் உண்மை. ஆனால் ஏடு உதவியது என்பதற்காக, 14 மாதம் தேவைப்படுபவரை மூன்று மணி நேரத்தில் கரையேற்றிவிடலாம் என்று எண்ணக் கூடாது.

மன்னிப்புக்கான இந்த வேலை நடக்கும் இடம் பல சமயம் ஒரு காலி நாற்காலிதான். கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சை முறையில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் பரவலாக்கிய உத்தி இது. தீங்கு செய்தவர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேச வேண்டும். தொடக்கத்தில் பேச்சு ஆலோசகரை நோக்கியே இருக்கும்: “அவன் இப்படிப் பண்ணுவான்னு நினைக்கல.” எப்போதோ ஒரு கணத்தில் பார்வை திரும்பி, “நீ ஏன்டா அப்படிச் செஞ்ச?” என்று நாற்காலியைக் கேட்பார். அழுகை வரலாம், வசவு வரலாம். ஆலோசகர் குறுக்கிடாமல் இருக்க வேண்டிய நேரம் அது. ஓய்ந்த பிறகே இடம் மாறி உட்கார்ந்து, தீங்கு செய்தவராக இருந்து பதில் சொல்லச் சொல்வது. அண்ணனுக்கும் ஒரு பயம், ஒரு கடன், ஒரு பொறாமை இருந்திருக்கலாம் என்பது அந்தப் பதிலில் தானாக வந்தால் வரட்டும். வெளியிலிருந்து அதைப் புகுத்தினால், செய்தவனுக்கு வக்காலத்து வாங்குவதாகவே படும்.

தன்னைத் தானே மன்னிப்பது இதைவிடச் சிக்கலானது, காரணம் குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே. உளவியலாளர் எவரெட் வொர்த்திங்டனின் தாய் 1996 புத்தாண்டை ஒட்டி, வீடு புகுந்த திருடனால் கொல்லப்பட்டார். கொலையாளியை வொர்த்திங்டன் விரைவிலேயே மன்னித்தார். தாயின் உடலை முதலில் கண்ட தம்பி பின்னாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, காப்பாற்றத் தவறினோமே என்று தன்னை மன்னிக்க அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. இங்கே “உன்மேல தப்பே இல்ல” என்ற ஆறுதல் எடுபடாது; கேட்பவருக்கே அதில் நம்பிக்கை இருக்காது. எது தன் கையில் இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுத வேண்டும். தன் கையில் இருந்ததற்குப் பொறுப்பேற்று, நேரில் மன்னிப்புக் கேட்கவோ ஈடு செய்யவோ முடிந்தால் செய்ய வேண்டும். உரியவர் இறந்திருந்தால், அவருக்கு ஒரு கடிதம். அதற்குப் பிறகே “நானே கெட்டவன்” என்பது “நான் செய்தது கெட்டது” என்ற அளவுக்குக் குறையும். தன்னை ஏற்றுக்கொள்வதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மன்னித்த பிறகும் ஒரு கல்யாண வீட்டில் அந்த முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். ‘அப்படியானால் நான் மன்னிக்கவே இல்லையா?’ என்று பலர் கலங்கிப் போகிறார்கள். பழைய வலியை உடல் நினைவு கூர்வது வேறு, பழிவாங்கத் துடிப்பது வேறு. இதற்காகவே வொர்த்திங்டன் வகுத்த மன்னிப்பு முறையில் மன்னித்ததைத் தேதியிட்டு எழுதி வைக்கச் சொல்கிறார்கள். தடுமாறும்போது எடுத்துப் படிக்கலாம். படித்தும் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கூடவே ஆலோசகர் முதல் கட்டத்துக்குத் திரும்பி, இன்னும் சொல்லப்படாமல் நிற்பது எது என்று கேட்க வேண்டும்.