மாத்திரையும் ஒளிநாரும்

எழுத்துக்குக் காலவளவு உண்டெனக் கண்டவர் நம் இலக்கண ஆசிரியர். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கொண்டு மாத்திரையை வரையறுத்தார் தொல்காப்பியனார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘கல்’ என்பதும் ‘கால்’ என்பதும் ஒரு மாத்திரையாலேயே வேறுபடுகின்றன. காலம் பிறழின் பொருளும் பிறழும்.

இவ்விதியைப் பல்லாண்டாக வகுப்பிற் கூறிவரும் எனக்கு, அதிவேக ஒளிச் செய்தித்தொடர்பிலும் அதுவே ஆட்சி செய்கின்றதென்பதை அறிவித்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர். அவர் பிறநாட்டிலே அத்துறைப் பொறியியலாளர். ‘ஜிற்றர்’ என்பதற்குத் தமிழிற் சொல் வேண்டுமெனக் கேட்டெழுதினார். சொல் தருமுன் பொருளறிதல் வேண்டுமன்றோ? அறிந்ததை ஈண்டு எழுதுகின்றேன்.

ஒளியாற் செய்தி கூறல் நமக்குப் புதிதன்று. நம் முகத்துவாரத்திலே 1913ஆம் ஆண்டு முதல் வெளிச்சவீடு நிற்கின்றது. ஒரு வெளிச்சவீட்டை மற்றொன்றினின்று மாலுமிகள் பிரித்தறிவது, ஒளி தோன்றி மறையும் கால இடைவெளியாலாகும். ஒளிநாரிலும் நிகழ்வது இதுவே: ஒளி வரின் ஒன்று, வராவிடின் பூச்சியம். தூய கண்ணாடி நாரினூடே நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பலாமென்பதைச் சார்ள்ஸ் காவோ 1966இல் எடுத்துக்காட்டினார். இன்று செக்கனுக்கு ஆயிரங் கோடி பிற்றுகளை அனுப்புதல் சாதாரணமாயிற்று. அங்கே ஒரு பிற்றுக்குரிய காலம் 100 பிக்கோ செக்கன். அதற்குள் கண்ணாடியிலே ஒளி கடக்குந் தூரம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர்.

இத்தகைய இணைப்புகளிற் கடிகாரத் துடிப்பைத் தனியே அனுப்புவதில்லை. வரும் ஒளியின் மாற்றங்களிலிருந்தே பெறுங் கருவி காலத்தை மீட்டெடுத்தல் வேண்டும். வாவிக்கரை ஊர்களிலே வடமோடிக் கூத்துக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆடுவோன் அண்ணாவியாரின் மத்தள அடியிலிருந்தே காலத்தை எடுத்துக்கொள்கின்றான். மத்தளம் நெடுநேரம் ஓய்ந்தால் அவன் கணக்குத் தளரும். இதனாலேயே ஒன்றுகளோ பூச்சியங்களோ நீளத் தொடராவண்ணம் செய்தியைக் குறிமாற்றி அனுப்புகின்றனர்.

விழவேண்டிய கணத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக அடி விழுந்தால், அதுவே ஜிற்றர். அதன் காரணங்கள் இருவகையின. மின்சுற்றின் வெப்ப இரைச்சல் போன்றவற்றால் எழுவது தற்செயலானது. அதனை முற்றாக ஒழித்தல் இயலாது. மின்வழங்கலின் ஏற்றத்தாழ்வு, முந்திய பிற்றின் எச்சம் அடுத்ததன்மேற் படிதல் முதலியவற்றால் எழுவது காரணங் கண்டு குறைக்கத்தக்கது.

பொறியியலாளர் எண்ணிறந்த பிற்றுகளை அலைகாட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து நோக்குவர். நடுவிலே கண் போன்ற வெளியொன்று தோன்றும். அதன் பெயரே ‘கண் வரைபடம்’ என்பதாம். காலம் நடுங்குந்தோறும் அக்கண் பக்கவாட்டில் ஒடுங்கும். கண்ணின் நடுவிலே நோக்கின் ஒன்று ஒன்றாகவே தோன்றும். ஓரத்திலே நோக்கின் பூச்சியமாகவும் மயங்கும். ஒளி எவ்வளவு வலியதாயினும், நோக்குங் கணம் தவறின் பயனில்லை. இலட்சங் கோடி பிற்றுகளில் ஒன்றுக்குமேற் பிழைத்தலாகாதென்பது இத்துறையில் வழக்கமான ஓர் இலக்கு. இமைப்பொழுதை அளவையாகக் கொண்ட இலக்கணத்தைக் கற்பிக்கும் எனக்கு, இங்கும் ஒரு கண்ணே அளவையாய் நிற்றல் பேருவகை தந்தது.

‘காலநடுக்கம்’ என்னுஞ் சொல்லை எழுதியனுப்பினேன். செக்கனுக்குப் பத்துத் தடவையிலுங் குறைவாக, மெல்ல அலையும் பிறழ்வுக்கு வேறு பெயருண்டென அவர் மறுமொழி எழுதினார். அதற்குக் ‘கால அலைவு’ என்றேன். நடுக்கம் விரைந்தது, அலைவு மெல்லியது. வேறுபாடு சொல்லிலேயே அமைந்துவிட்டது.

எனக்கொரு கவலையுண்டு. விஞ்ஞானப் பிரிவுக்குச் செல்லும் மாணவர் இலக்கணத்தை வாயிலிலே விட்டுச் செல்கின்றனர். கலைப்பிரிவினரோ பௌதிகமென்றதும் அஞ்சி ஒதுங்குகின்றனர். காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்ப் பண்டிதரும் அவரே. 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே பழந்தமிழிசையைக் கணிதங் கொண்டு ஆராய்ந்தார். அவரை ஈன்ற மண்ணில் இவ்விரு பிரிவுகளுக்கிடையே சுவரெழுதல் தகுமோ? தாய்மொழியிற் பெயரில்லாப் பொருளை மாணவன் மனனஞ் செய்வான். பெயருள்ள பொருளையே தனதாக்கிச் சிந்திப்பான்.

ஆதலின் பிறநாடுகளிலே தொழில்புரியும் பழைய மாணவர்களை வேண்டுகின்றேன்: உங்கள் துறைச் சொற்களை எமக்கு எழுதியனுப்புங்கள். பொருளை நீங்கள் விளக்குங்கள்; சொல்லை நாம் கூடி ஆக்குவோம். விழாக் காணும் நம் கல்லூரி அன்னைக்கு அதுவே சிறந்த காணிக்கையாகும்.