சத்தம் எங்கே போச்சு?

லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி நல்ல பரிச்சயம். பிரவுசரில் வீடியோ ஜோராக ஓடும். பேசுகிறவரின் வாய் அசையும். சத்தம் மட்டும் வராது. உங்களுக்கு வந்தால் பதறவேண்டாம். பர்ஸைத் திறப்பதற்கு முன் பத்து நிமிஷம் நிதானமாகத் தேடினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

போன வருஷம், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் மகளோடு வந்தார். பெண் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல், இரண்டாம் வருஷம். கையில் செகண்ட் ஹாண்ட் லேப்டாப். விண்டோஸுக்கு அது மூச்சு வாங்கியதால் யாரோ உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"பாடமெல்லாம் வீடியோலதான் பாக்கறேன் அங்கிள். நாலு நாளா சத்தமே வரல. கடையில காட்டினா மதர்போர்டு போச்சு, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்ங்கறாங்க. ரெண்டு வாரத்துல எக்ஸாம்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. உருப்படிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவர். 4,500 என்றால் 450 உருப்படி.

வீடியோவின் சத்தம் ஸ்பீக்கருக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. முதலில் வீடியோ இருக்கும் பக்கம், அடுத்து பிரவுசர், பிறகு சவுண்ட் சர்வர் என்ற நடு ஆசாமி, அப்புறம் கெர்னலுக்குள் இருக்கும் ஆல்சா. கடைசியில்தான் சவுண்ட் சிப், ஸ்பீக்கர்.

நடு ஆசாமி எதற்கு? முன்பெல்லாம் பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தெருக்குழாய் கதைதான். ஒரு புரோகிராம் குடத்தை வைத்துவிட்டால் மற்றவை வரிசையில் நிற்கவேண்டும். பாட்டு பாடிக்கொண்டிருந்தால் பிரவுசர் ஊமை. எல்லாச் சத்தத்தையும் வாங்கிக் கலந்து கொடுக்க, லென்னார்ட் பொட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ வந்தது. 2007-ல் ஃபெடோரா 8-லும், 2008-ல் உபுண்டு 8.04-லும் இடம்பிடித்தது. வந்த புதிதில் வாங்கிய திட்டுக்கள் ஏராளம். பிறகு அதன் நாற்காலியில் பைப்வயர் என்பது உட்கார்ந்தது: 2021-ல் ஃபெடோரா 34, 2022-ல் உபுண்டு 22.10.

"நீ டவுன்லோடு பண்ணி வெச்ச பாட்டு ஏதாவது இருக்காம்மா?" என்றேன். இருந்தது. போட்டால், கணீரென்று பாடியது! அந்த ஒரு பாட்டிலேயே ஸ்பீக்கர், சிப், ஆல்சா எல்லாருக்கும் விடுதலை. மதர்போர்டு நிரபராதி.

அடுத்து பிரவுசர். அதன் டேப் மியூட்டில் இருக்கிறதா? இல்லை. வீடியோவின் ஓரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக் கோடு? இல்லை. (தானாக ஓடும் வீடியோக்கள் சத்தம் போடுவதை 2018-ல் க்ரோமும் 2019-ல் ஃபயர்ஃபாக்ஸும் கட்டுப்படுத்தின. அதனால் பல வீடியோக்கள் ஊமையாகத்தான் தொடங்கும். அந்தப் படத்தை ஒரு தட்டுத் தட்டவேண்டும்.)

மிச்சம் நடு ஆசாமி. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்று இலவசமாக ஒரு குட்டிப் புரோகிராம் உண்டு. பைப்வயரிலும் வேலை செய்யும். வீடியோவை ஓடவிட்டு, இதில் 'பிளேபேக்' பகுதியைத் திறக்கவேண்டும். பிரவுசர் பெயருக்குக் கீழே ஒரு கோடு துள்ளிக்கொண்டிருந்தது. ஆக, சத்தம் புறப்பட்டுவிட்டது! எங்கே போகிறது? பக்கத்திலேயே எழுதியிருந்தது: எச்டிஎம்ஐ.

"டிவியில கனெக்ட் பண்ணினியா?"

"ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்ல பெரிய டிவியில போட்டுப் பாத்தோம் அங்கிள். தம்பிதான் ஏதோ மாத்தினான்."

எந்தப் புரோகிராமின் சத்தத்தை எங்கே அனுப்பினோம் என்று சவுண்ட் சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். டிவியைக் கழற்றி நாலு நாள் ஆகியும், பிரவுசர் சத்தத்தை மட்டும் விசுவாசமாக அந்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. 'பில்ட்-இன் ஆடியோ' என்று மாற்றினோம். பாதி வாக்கியத்திலிருந்து புரொஃபசர் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிப் பேச ஆரம்பித்தார். செலவு பூஜ்யம்.

ஒருவேளை உங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டும் பாடவில்லை என்றால், டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் என்பதை ஓட்டிப் பாருங்கள். கம்பங்களின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் வாயைக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். 'எம்' பொத்தானைத் தட்டினால் அவிழும். பாட்டு பாடி, ஒரு வீடியோ மட்டும் ஊமை என்றால் வேறொரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் குறை முதல் வீடியோவில். எலெக்ட்ரீஷியன் டெஸ்டரோடு மெயினிலிருந்து பல்ப் வரை பார்த்துக்கொண்டே போவதில்லையா, அதே வித்தைதான்.

'போச்சு' என்பதற்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம். கெட்டுப் போச்சு, எங்கேயோ போச்சு. ரிப்பேர்க்காரர் முதல் அர்த்தத்தில் சொல்லி விலையும் சொன்னால், இரண்டாவது அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.