வேதாளருக்கு ஒரு 'ர்'

முகமூடி அணிந்த அந்த மனிதருக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். இந்திரஜால் காமிக்ஸில் வேதாளர். ராணி காமிக்ஸில் மாயாவி. (முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள்.) அமெரிக்கரான லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேன்டம்தான் அவர். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்துக்கு ஒரு 'ர்' சேர்த்த மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும், அதே தொழில் செய்பவன் என்ற முறையில் அவருக்கு என் வணக்கம்.

போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது) வளர்ந்த எங்களுக்கு மாயாவி கப்பலில்தான் வருவார், அதுவும் தாமதமாக. மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, விஷ அம்புக் குள்ளர்கள் காவல் காக்கும் காடு. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கற்பனை. எங்களுக்கோ அம்பு எய்பவர்களின் காடு பஸ் போகும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் விளையாட்டில் ஜாரவாவாக இருக்க ஒருவனும் சம்மதித்ததில்லை. எல்லோருக்கும் மாயாவி வேஷம்தான் வேண்டும். அதற்கு அடிதடியே நடக்கும்.

இப்போது பழைய பிரதிகளைப் புரட்டினாலும் கதை இழுத்துக்கொண்டு போகிறது. கூடவே வேறு சிலவும் கண்ணில் படுகின்றன. ஃபாக்கின் கதையில் அந்த நாட்டுக்குத் தொடக்கத்தில் வங்காளத்தை நினைவூட்டும் பெயர், கடற்கொள்ளையர்கள் 'சிங்'. இந்திரஜால் பதிப்பாளர்கள் முன்ஜாக்கிரதையாக டெங்காலி, சிங்கா என்று மாற்றினார்கள். யார் மனமும் புண்படக் கூடாதே, நியாயம்தான். குள்ளர்கள் மட்டும் குள்ளர்களாகவே இருந்தார்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதக்கூடியவர்களா என்ன? வேதாளருக்கு 'ர்', அவர்கள் தலைவன் குரனுக்கு 'ன்'தான்.

1536இல் கரையொதுங்கிய ஒரு வெள்ளைக்காரரைக் குள்ளர்கள் காப்பாற்றுகிறார்கள். நன்றிக்கடனாக அவர் வம்சம் 21 தலைமுறையாகக் காட்டைக் காக்கிறது என்பது கதை. அந்தமானிலும் அப்படி ஒருவர் காப்பாற்றப்பட்டார். 1858இல் கைதிகள் குடியிருப்பிலிருந்து தப்பிய சிப்பாய் தூத்நாத் திவாரி. அம்புக் காயத்தோடு கிடைத்தவரை அந்தமானியர்கள் கொல்லாமல் விட்டார்கள். தங்களோடு வைத்துக்கொண்டு பெண்ணும் கொடுத்தார்கள். ஓராண்டு கழிந்து, 1859 மே மாதம், அவர்கள் அபர்டீனைத் தாக்கக் கிளம்பினார்கள். திவாரி முந்திச் சென்று ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். துப்பாக்கிகள் தயாராகக் காத்திருந்தன. திவாரிக்கு மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், வெளியாட்கள் கொண்டுவந்த தட்டம்மையிலும் மேகநோயிலும் அழிந்து, 1961 கணக்கெடுப்பில் 19 பேர்.

இத்தனைக்குப் பிறகும் மாயாவியிடம் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அனுமதியில்லாமல் அந்தக் காட்டுக்குள் யாரும் கால் வைக்க முடியாது. இங்கே பழங்குடிகளின் காடுகளுக்காக 1956இல் போட்ட ஒழுங்குமுறைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா காட்டின் ஊடே போகிறது. 2002இல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகும் வண்டிகள் போகின்றன, போலீஸ் துணையோடு, அணிவகுப்பாக. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியும் முன்பே வரிசை கட்டி நிற்கும் கார்களில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பலரும் மாயாவி படித்து வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.