பெட்டியைப் பிரிக்குமுன் படிக்க

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மேகலா கண்ணு,

பார்சல் ஈரோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று உன் அம்மா போன் பண்ணினாள். "இத்தனை காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள், உள்ளே பெட்டியையே காணோம், வெறும் தகடும் ஸ்க்ரூவும்தான் இருக்கு" என்று அக்காவுக்கு ஒரே கவலை. அது அப்படித்தான் வரும், பூட்டினால்தான் பெட்டி என்று சொன்னேன். உடனே, கடையில் கொடுத்துப் பூட்டி வாங்கிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நானும் வரப்போவதில்லை. நீயே பூட்டு. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளக் காகிதம்தான் வசதி. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் பெரிய டவர் கணினிப் பெட்டிகளைப் பூட்டிப் பழகிய கை அது. நாற்பது, ஐம்பது லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியில் எதை முன்னால் மாட்டினாலும் பின்னால் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. நீ வாங்கியிருக்கும் ஃபார்ம்டி டி1 பத்து லிட்டருக்குள் அடங்குவது. இதில் ஒரு கேபிளை மறந்தால் நான்கு சாமான்களைக் கழற்ற வேண்டியிருக்கும். அதோடு, நாளைக்கு அகமதாபாத் ஹாஸ்டலில் சமர்ப்பிப்புக்கு முந்தின ராத்திரி இது உயிர் விட்டால் திறந்து பார்க்கப்போவது நீதான். எது எங்கே இருக்கிறது என்று உன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

மினி-ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவை 2001-இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்தது. நீளம் 170 மி.மீ., அகலம் 170 மி.மீ. அவ்வளவுதான். அதிகம் மின்சாரம் குடிக்காத சின்னச் சின்ன வேலைகளுக்காக வந்த அளவு அது. அதில் முழு வேகக் கணினியைக் கட்டிப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டவர்கள் ஆர்வலர்கள். போர்டு சின்னதாகிவிட்டது, அதற்கேற்ற பெட்டி மட்டும் கடைகளில் இல்லை. உள்ளே பாதி காற்றாகத்தான் இருந்தது. கடைசியில் அவர்களே அளவெடுத்து வரையத் தொடங்கினார்கள். அப்படி இரண்டு ஆர்வலர்கள் சேர்ந்து வரைந்து, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி 2013-இல் கொண்டுவந்ததுதான் என்கேஸ் எம்1. சுமார் 12.6 லிட்டர். தைவானின் லியான் லி அதைச் செய்துகொடுத்தது. அந்த இருவரில் ஒருவர்தான் பின்னாளில் உன் மேசையில் இருக்கும் டி1-ஐயும் கொண்டுவந்தார்.

இடையில் ஜெர்மனியிலிருந்து டேனியல் ஹான்சன் வந்தார். தனக்கு வேண்டிய பெட்டி சந்தையில் இல்லை என்று தானே வரைந்தார். 2016-இல் அதே போல முன்பணம் திரட்டி வெளிவந்த அந்த டான் ஏ4, 7.2 லிட்டர்தான். கிராபிக்ஸ் அட்டையை மதர்போர்டின் மேல் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாமல், வளையக்கூடிய ரைசர் கேபிள் போட்டு போர்டுக்குப் பின்புறமாகத் திருப்பி வைத்தார். நடுவில் ஒரு தட்டு, ஒரு பக்கம் போர்டு, மறு பக்கம் அட்டை. அட்டையும் ப்ராசசரும் ஆளுக்கொரு பக்கச் சுவர் வழியாகத் தனித்தனியே மூச்சு வாங்கும். ஒன்றின் சூடு மற்றதன் வாயில் போகாது. இந்த அமைப்பைப் பெரிய கம்பெனிகள் பிறகு எடுத்துக்கொண்டன. உன் டி1-உம் இதே வழிதான்.

நான் தினமும் ஷீட்மெட்டல் டிராயிங் போடுகிறவள். ஒரு தகட்டில் ஒரு துளையை எங்கே வைப்பது என்று அரை நாள் யோசிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெட்டியின் ஒவ்வொரு துளைக்கும் யாரோ அப்படி யோசித்திருக்கிறார். நீ கட்டடக்கலை படிக்கிறாய். பூட்டி முடித்த பெட்டியை மட்டும் பார்த்தால் அந்த யோசனை உனக்கு எட்டாது. பூட்டும்போதுதான் எட்டும். கடைக்காரரிடம் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் பெட்டியின் சட்டத்தைத் தொடாதே. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து ப்ராசசர், ராம், கூலர் மூன்றையும் மாட்டு. உன் ரைசன் 7700-இன் அடியில் பின் கிடையாது. 1718 பின்களும் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, மயிரிழை மெல்லிசு. ப்ராசசரின் மூலையிலுள்ள முக்கோணத்தையும் சாக்கெட்டின் முக்கோணத்தையும் பொருத்தி, நேராகக் கீழே இறக்கி வைத்துக் கையை எடுத்துவிடு. அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. பின்னை வளைத்துவிட்டால் போர்டே போனதுபோல. இந்த ப்ராசசரிலேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது, அதனால் மானிட்டர் கேபிளை போர்டிலேயே குத்தி, பவர் சப்ளையை வெளியில் வைத்துக் கொடுத்து ஆன் பண்ணிப் பார். டிடிஆர்5 ராம் என்பதால் முதல் தடவை திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். நினைவகத்தை அது பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடாதே. திரையில் எழுத்து வந்ததும் அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போ. சாமானில் கோளாறு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும், எல்லாவற்றையும் பூட்டிய பிறகு திண்டாட வேண்டாம்.

எம்.2 எஸ்எஸ்டி மாட்டும் இடங்களில் ஒன்று உன் போர்டின் முதுகில் இருந்தால் அதையும் இப்போதே மாட்டிவிடு. போர்டு நடுத்தட்டில் ஏறியதும் முதுகு மறைந்துவிடும். கூலருக்கும் இதே கதைதான். நாக்டுவா என்எச்-எல்9ஏ மாதிரி சிலவற்றை அடிப்பக்கத்திலிருந்துதான் முடுக்க முடியும். வீட்டில் பூச்சு வேலைக்கு முன்னால் சுவருக்குள் ஒயரிங் பைப் ஓட்டுகிற மாதிரிதான் இதெல்லாம். எது மறையப்போகிறதோ அதுவே முதல் வேலை.

அடுத்தது சட்டம். இங்கே அவசரமே கூடாது. பெரிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, ஸ்க்ரூக்களை அளவு வாரியாகக் கிண்ணங்களில் பிரித்து வை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், நீளம் ஒரு மயிரிழை மாறும். நீளமானதைக் குட்டைத் துளையில் விட்டால் உள்ளே எதையாவது குத்தும். நல்ல ஆலன் கீயாகப் பார்த்து வாங்கு. மலிவானதின் முனை மழுங்கி ஸ்க்ரூத் தலையையும் கெடுத்துவிடும்.

ஸ்க்ரூ எஃகு, சட்டம் அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். மரை ஒரு தடவை அறுந்தால் அறுந்ததுதான். அப்புச்சி பட்டறையில் எனக்கும் உன் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்த ஒரு வழி இருக்கிறது. ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற பக்கமாக, மெதுவாகத் திருப்பு. ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். விரல் நுனிக்குத் தெரியும். மரை ஆரம்பிக்கும் இடம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பு. விரலாலேயே மூன்று சுற்று சுலபமாகப் போக வேண்டும். போகவில்லையென்றால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி வை.

வெளித் தகடுகளுக்குக் கவுண்டர்சிங்க் ஸ்க்ரூ. தலை சாய்வாக இருப்பதால் அது முடுக்க முடுக்கத் தகட்டைத் தன் மையத்துக்கு இழுக்கும். ஒன்றை மட்டும் முழுதாக முடுக்கிவிட்டால் தகடு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, எதிர் மூலைத் துளை நேராக வராது. அந்த நேரத்தில்தான் பலர் பலத்தைக் காட்டி மரையை அறுக்கிறார்கள். எல்லாவற்றையும் பாதி முடுக்கி, சட்டத்தைச் சமமான தரையில் வைத்து நான்கு மூலையும் ஆடாமல் உட்கார்ந்த பிறகு, குறுக்கு மறுக்காக ஒவ்வொன்றாக இறுக்கு. உன் இரண்டு விரல் பலம் போதும்.

நடுத்தட்டை எந்த வரிசைத் துளையில் வைப்பது என்று ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். எனக்கு இந்தப் பெட்டியில் ரொம்பப் பிடித்த இடம் இது. கிராபிக்ஸ் அட்டைகளின் தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் 20.32 மி.மீ. தட்டை நகர்த்தி அட்டைப் பக்கம் ஒரு ஸ்லாட் அதிகம் கொடுத்தால் கூலர் பக்கம் அதே 20 மி.மீ. சொச்சம் குறைந்துவிடும். மொத்த அகலம் மாறுவதே இல்லை, யாருக்கு எவ்வளவு என்பது மட்டும்தான் மாறுகிறது. நீ வாங்கிய ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ இரண்டு ஸ்லாட்டுக்குள் நிற்கும் அட்டை. அதனால் தட்டை அட்டைப் பக்கமாகவே தள்ளி வை, கூலர் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். நீ எடுத்த தெர்மல்ரைட் கூலர் 53 மி.மீ. உயரம், அது சுகமாக உட்காரும். அதை நீ பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். 37 மி.மீ. கூலர் போட்டிருந்தால் இடம் வீணாகியிருக்கும், வெயில் காலத்தில் சத்தமும் போட்டிருக்கும்.

ரைசர் கேபிளை முதலில் நடுத்தட்டில் பொருத்திவிட்டுப் பிறகு போர்டை ஏற்று. அதை நகத்தால் மடிப்புத் தேய்க்காதே, வளைவாகவே ஓடட்டும். பிறகு போர்டின் மூலையிலுள்ள ப்ராசசர் பவர் கேபிள், அதன்பின் பவர் சப்ளை, கடைசியில் அட்டை. ப்ராசசர் பவர் கேபிளை மறந்துவிட்டுப் பவர் சப்ளையை உள்ளே இறக்கினால் அந்த மூலைக்கு விரல் போகாது. கேபிள்களை முறுக்கிக் கட்டி ஒரே மூட்டையாக்காமல் தட்டையாகப் பரப்பி ஓட்டு. விசிறி இறக்கையில் எதுவும் படாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

ஆன் பண்ணியதும் படம் வராமலோ, வந்து வந்து போய்க்கொண்டோ இருந்தால் உடனே அட்டையைச் சந்தேகப்படாதே. ரைசர் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்துக்கு மட்டும் செய்ததாக இருந்து, போர்டு தானாக நான்காம் தலைமுறை வேகத்துக்குப் போனால் இப்படி ஆகும். மானிட்டர் கேபிளை மறுபடி போர்டில் குத்தி பயாஸுக்குள் போய், அந்த ஸ்லாட்டின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து ஜென் 3-க்கு மாற்று. உன் பிளெண்டர் வேலையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

ஹாஸ்டலைப் பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று எர்த். இந்தப் பெட்டி முழுக்க உலோகம். அறையிலுள்ள மூன்று பின் பிளக்கில் எர்த் ஒயர் நிஜமாகவே ஓடுகிறதா என்று ஹாஸ்டல் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் குத்த வேண்டும். பழைய கட்டடங்களில் துளை இருக்கும், ஒயர் இருக்காது. அப்படியிருந்தால் பவர் சப்ளையின் ஃபில்டரிலிருந்து கசியும் மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல், பெட்டியைத் தொட்டதும் விரலில் சுருசுருவென்று ஏறும். பெட்டியில் பழுது என்று நினைத்துவிடாதே, பழுது சுவரில் இருக்கிறது. அது சரியாகும்வரை பயன்படுத்தாதே. இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மற்றது வெயில். அகமதாபாத் மே மாதம் உனக்குத் தெரியும். அறை பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் சாமானும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். ஐரோப்பிய அறைகளில் சோதித்த கணக்கை இங்கே நம்ப முடியாது. அட்டையின் மின் அளவு 165 வாட். அதை 80 சதவீதத்துக்கு, அதாவது 132 வாட்டுக்குக் குறைத்து வைத்தால் ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடும், சூடும் சத்தமும் நன்றாகவே இறங்கும். கோடை முழுக்க அப்படியே ஓட்டு. மாதம் ஒரு தடவை பக்கத் தகடுகளைக் கழற்றி பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டு. அப்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், சுற்ற விடாதே. அந்த ஊர்த் தூசிக்கு வடிகட்டித் துணி வைக்கலாமே என்று தோன்றும். இவ்வளவு சின்னப் பெட்டியில் அது காற்றை அடைத்துவிடும் என்பது என் எண்ணம். தட்டிச் சுத்தம் பண்ணுவதே மேல்.

பக்கத் தகடு மூடும் முன்னால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. கேபிள் ஓடும் வழியை நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், பிறகு மூடலாம். உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் விரட்டாதே. அப்புச்சி பட்டறையில் என்னைவிட நிதானமான கை அவளுடையதுதான். ஸ்க்ரூ பிரிக்கும் வேலையை அவளிடம் கொடு.

அன்புடன்,
உன் சித்தி