நின்ற இஞ்சினுக்குள் ஓடும் கரண்ட்

"நம்ம ஊர் வெயிலுக்கு இஞ்சினுக்கு ஹீட்டரா?" என்று நீங்கள் சிரிக்கலாம், நண்பர்களே. நானும் சிரித்தவன்தான்.

என் அப்பா காசிமேட்டில் படகு இஞ்சின் மெக்கானிக். மூன்றாம் வகுப்போடு சரி. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். லீவு நாளில் அப்பாவுக்கு எடுபிடியும் நான்தான்.

போன மார்கழியில் ஓர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குக் கூலன்ட் மாற்றும் வேலை வந்தது. அப்பா பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாக்கின் பக்கத்தில் இருந்த ஹோஸ் கிளாம்பில் ஸ்பானரை வைத்தார். நான் பிளாக்கைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு நாளாக ஓடாத இஞ்சின் எப்படிச் சுடும்?

ஹோஸ் போய்ச் சேர்ந்த சின்ன உருளையைத் துடைத்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: தண்ணீரை வடிக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.

"நைனா, இருங்க!"

"இன்னாடா? வண்டி ஆஃப்ல கீது. பேட்டரியும் கழட்டியாச்சு."

"இது பேட்டரில ஓடல. செவுத்துலேர்ந்து வர்ற 230 வோல்ட்."

அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றும். இரும்பு குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். கரண்ட் போன 10 விநாடிக்குள் லோடு எடுக்க வேண்டிய ஜெனரேட்டருக்கு இது ஆகாது. அதனால்தான் தண்ணீரைச் சுமார் 40 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் கஷ்டம். நம் எண்ணூர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிகள் ராணுவத்தோடு போகும் லடாக்கில் டீசலே மெழுகுபோல் கட்டும். மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அங்கே கொண்டுவந்தது.

ஆனால் தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் எரிந்தால் காயில் போய்விடும். கசியும் தண்ணீர் ஒயர் முனையில் பட்டால் ஷாக். ஆகவே மெயினை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். நிரப்பியதும் இஞ்சினை ஓட்டிக் காற்றை வெளியேற்றி, ஆறவிட்டு, அளவு பார்த்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணியும் வேண்டாம். வாட்டர் ஹீட்டர் ராடில் படிவதுபோல் காயிலில் உப்பு படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் சரி.

வேலை முடிந்ததும் அப்பா கேட்டார்: "அதுல எழுதிக்கிறத தமிழ்ல எழுதி ஒட்டுறியா?"

எழுதி ஒட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார்.

நண்பர்களே, நாம் படித்தது பரீட்சைக்கு மட்டும் அல்ல. மெஷினில் எழுதியிருப்பதை நிறுத்திப் படியுங்கள். பக்கத்தில் ஸ்பானர் பிடிப்பவருக்கும் படித்துச் சொல்லுங்கள்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்