ஒற்றர் படங்களில் உதிரம்

வள்ளுவர் பொருட்பாலிலே ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். அதன் பத்துக் குறள்களிலும் ஒற்றனுக்கு விதிக்கப்பட்ட தொழில் அறிதலே, கொல்லுதல் அன்று. கொல்லும் உரிமத்துடன் உலகைச் சுற்றிவரும் ஒற்றனை நமக்குப் பழக்கியது இருபதாம் நூற்றாண்டின் திரைப்படமாகும். 1962 இல் 'டொக்டர் நோ' படத்துடன் தொடங்கிய ஜேம்ஸ் பொண்ட் வரிசை, 2021 வரையில் 25 படங்களாக நீண்டது. அத்தகைய படங்கள் எவ்வளவு இருண்டிருக்கலாம், எவ்வளவு உதிரம் சிந்தலாம் என்பது இரசிகரிடையே ஓயாத வழக்கு. நமுனுகுல மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பிலும் ஒரு மழை இரவில் அவ்வழக்கு நடைபெற்றது.

வழக்காடியோர் ஒரு முதியவரும் அவர் பேரனுமாவர். முதியவர் இளமையில் பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக்கடைச் சிப்பந்தியாக இருந்தவர். படம் பார்ப்பதற்கென்றே சம்பளத்தில் ஒரு பகுதியை முடிந்துவைத்தவர். 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலிய படங்களால் 'தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்' எனப் பெயர்பெற்ற ஜெய்சங்கரே அவருடைய நாயகன். துப்பாக்கி வெடிக்கும், எதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவான், சிறிது நேரத்தில் பாட்டுத் தொடங்கும். நாயகனின் சட்டை கசங்காது.

பேரனோ உயர்தர வகுப்பு மாணவன். அன்றிரவு தொலைக்காட்சியில் அவன் விரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, 2022 இல் லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த 'விக்ரம்'. 1986 இல் சுஜாதாவின் கதையைக் கொண்டு வந்த 'விக்ரம்' படத்திலும் நாயகனின் மனைவி கொல்லப்படுகிறாள். ஆயினும் அக்கதை சலாமியா என்னும் கற்பனை நாட்டிற்குப் பறந்துசென்று ஆடல் பாடல்களில் திளைக்கிறது. 36 ஆண்டுகளின் பின்னர் வந்த படத்தில் அத்தகைய ஆறுதல் இல்லை. இளம் அதிகாரி ஒருவனின் மனைவி தலை துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் காட்சி வந்ததும் முதியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஏன் தாத்தா எந்திரிச்சிட்டீங்க? படந்தானே?" என்று பேரன் பின்னாலேயே வந்தான்.

"எங்க காலத்துப் படத்துல இப்பிடி ரத்தம் காட்ட மாட்டாங்கடா."

"ரத்தத்தைக் காட்டாட்டி ஆளு சாகலன்னு அர்த்தமா தாத்தா?"

முதியவர் விடை கூறவில்லை. வினா குறும்பாகக் கேட்கப்பட்டதாயினும் நியாயமானதே. பழைய ஒற்றர் படங்களிலும் மனிதர் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். சிரிப்புக்கும் சாகசத்துக்கும் இடையே அவர்களை எவரும் எண்ணவில்லை, அவ்வளவே.

பொண்ட் வரிசையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1985 இல் வெளிவந்த 'எ வியூ டு எ கில்' படத்தில், வில்லன் ஒரு சுரங்கத்தினுள் வெள்ளத்தைப் பாயவிட்டு, தனக்கு உழைத்த தொழிலாளரையே சிரித்தபடி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறான். நாயகனாக நடித்த ரொஜர் மூருக்கே அக்காட்சி உவப்பாக இருக்கவில்லை. இது பொண்ட் படமன்று என்ற கருத்தைப் பின்னாளில் அவர் வெளியிட்டார். 1989 இல் டிமோதி டால்டன் நடித்த 'லைசன்ஸ் டு கில்' இன்னும் கடுமையானது. பிரித்தானியாவில் 15 வயதுக்குட்பட்டோர் பார்க்கலாகாதெனச் சான்றிதழ் பெற்ற முதலாவது பொண்ட் படம் அதுவே. 2006 இல் வந்த 'கசினோ றோயல்' படத்திலும் வன்முறைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே மாடிப்படியில் இருவர் கொல்லப்பட்ட பின்னர், அதனைக் கண்ட பெண் உடுத்த உடையுடன் நீர்த்தாரையின் கீழ் அமர்ந்து நடுங்குகிறாள். பொண்ட் அவளருகே தானும் நனைந்தபடி அமர்கிறான். ஒரு கொலைக்குப் பின் என்ன நிகழும் என்பதைக் காண்பதற்காகக் கதை அங்கே சற்று நிற்கிறது.

நில்லாமல் ஓடியதொரு நாளைப் பற்றித்தான் முதியவர் அன்றிரவு பேரனிடம் முதன்முதலாகக் கூறினார். 1983 யூலை 27 ஆம் திகதி முற்பகல் வரை பதுளை அமைதியாகவே இருந்தது. நண்பகலளவில் கடைவீதி எரியத் தொடங்கியது. பின்னர் தீ வீடுகளுக்கும் பரவியது. அவர் பின்கதவால் பாய்ந்து ஒழுங்கை வழியே ஓடினார். ஒழுங்கையின் நடுவே ஒருவர் முகங்குப்புற விழுந்து கிடந்தார்.

"எல்லாரும் அந்தாளத் தாண்டித்தான் ஓடுனோம். நானுந்தான். யாரு, எந்தக் கடை ஆளு, உசிரு இருந்துச்சா, ஒண்ணுந் தெரியாது. திரும்பியும் பாக்கல."

இரவு முழுவதும் தேயிலை மலைகளினூடே நடந்து அவர் விடியலில் தோட்டத்தை அடைந்தார். மீண்டும் பதுளையில் வேலைக்குப் போகவில்லை. படம் பார்க்கவும் போகவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேதான், மரண விசாரணையின்றி உடல்களை அப்புறப்படுத்தப் பாதுகாப்புப் படையினருக்கு இடமளித்த 15ஏ என்னும் அவசரகால விதியும் நடைமுறைக்கு வந்திருந்தது. கணக்குக் கேட்கப்படாத சாவு திரைக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நாடு அறியும்.

ஆகவே, இவ்வழக்கில் உதிரத்தின் அளவு பெரிதன்று. உதிரமே காட்டாது நூறுபேரைக் கொல்லும் படம் சிறுவருக்கு ஏற்றதாகத் தோன்றலாம். ஆனால் விழுந்தவரைத் தாண்டி ஓடுவதை அது விளையாட்டாகப் பழக்குகின்றது. அதிர்ச்சிக்காக மட்டும் வெட்டுண்ட தலையைக் காட்டும் படமும் அதே குற்றத்தைச் செய்கின்றது. ஒற்றர் படம் எவ்வளவும் இருளலாம். ஆனால், விழுந்தவர் ஒருவருக்காகவேனும் அது நிற்க வேண்டும். நிற்க மனமில்லாத படத்திற்குக் கொல்லும் உரிமமும் வேண்டியதில்லை.

பேரன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அந்தப் படத்துல ஒரு கைக்குழந்தை வருது தாத்தா. நெஞ்சுல நோவு, பெரிய சத்தமே ஆகாது. அத்தனை துப்பாக்கிக்கும் நடுவுல அதைக் காப்பாத்தத்தான் அவரு ஓடுறாரு" என்றான்.

முதியவர் சற்று யோசித்தார்.

"அப்ப அந்தச் சத்தத்தைக் கொறைச்சி வையி. நான் வாரேன்."