கண்ணம்மா எந்தத் தெரு?

தமிழில் பேய்ப்படம் என்றால் பாட்டு இல்லாமல் கிடையாது. பாழடைந்த மாளிகை, வெள்ளைச் சேலை, நடுச்சாமத்தில் எங்கிருந்தோ ஒரு ஹம்மிங். இந்த வகையில் இன்றைக்கும் அசைக்க முடியாமல் நிற்கிற படம் 1963இல் வந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. மறுபிறவிக் காதல் கதை என்றுதான் இதைச் சொல்வார்கள். நான் இதைச் சாதிக் கொலை பற்றிய படம் என்கிறேன். அப்படி வைத்துப் பார்த்தால்தான் அதன் பலமும் தெரிகிறது, பலவீனமும் தெரிகிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். இளைஞன் ஒருவன் (கல்யாண்குமார்) ஒரு கிராமத்துக்குப் போகிறான். அங்கே இடிந்து கிடக்கும் ஜமீன் மாளிகையைப் பார்த்ததும் ஏற்கெனவே வாழ்ந்த இடமாகத் தோன்றுகிறது. முற்பிறவியில் அவன் ஜமீன்தார் மகன், கண்ணம்மா (தேவிகா) என்கிற ஏழைப் பெண்ணைக் காதலித்தவன். தகப்பன் ஜமீன்தார் (நம்பியார்) தன் கையாலேயே அவளைக் கொன்றுவிடுகிறார். இந்தப் பிறவியில் காதலர்கள் மறுபடி பிறந்து சந்திக்கிறார்கள். ஜமீன்தாரோ சாகவே இல்லை. 109 வயதில், இந்தக் காதலை இன்னொரு தடவை அழிப்பதற்கென்றே உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த 109 வயசுதான் படத்தின் பெரிய பலம் என்பேன். வின்சென்ட்டின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவு, விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை, கண்ணதாசன் பாட்டு, பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல் எல்லாவற்றையும் புகழ ஆளிருக்கிறது. புகழட்டும், தகும். சுசீலாவின் அந்த ஹம்மிங் தூரத்திலிருந்து வரும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது. பாட்டு இந்தப் படத்தில் கதைக்கு நடுவே வைத்த இடைவேளையாக இல்லை. மறந்ததை அதுதான் நினைப்பூட்டுகிறது, கூப்பிடுகிறது, இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பயம் வருவது பாட்டிலிருந்து அல்ல, கிழவரிடமிருந்து. வழக்கமான பேய்ப்படத்தில் செத்தவளைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும். இங்கே செத்தவள்மேல் நமக்கு இரக்கம்தான் வருகிறது. சாகாதவனைப் பார்த்துத்தான் குலை நடுங்குகிறது. சாதித் திமிருக்கு ஒரு உருவம் கொடுக்கச் சொன்னால் இதைவிடச் சரியாக யாரும் கொடுக்க முடியாது. கண் பஞ்சடைந்துவிட்டது, நடை தள்ளாடுகிறது, ஆனாலும் சாக மாட்டேன் என்கிறது. ஸ்ரீதர் இதை நினைத்து எடுத்தாரா தெரியாது. எடுத்துவிட்டார்.

இனி பலவீனம். படத்தில் ஒரு பாட்டு, பூவுக்கு ஏது சாதி என்று கேட்கிறது. நல்ல கேள்வி. பூவுக்கு இல்லைதான். கண்ணம்மாவுக்கு? படத்தை மூன்று தடவை பார்த்தும் அவள் எந்தத் தெருக்காரி என்று எனக்குத் தெரியவில்லை. ஏழை என்று தெரிகிறது. ஏழை என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிடுவது தமிழ் சினிமாவின் நெடுநாள் பழக்கம்.

எங்கள் பக்கத்துப் பேய் இப்படி இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கோடாங்கி வந்து உடுக்கை அடித்தால் முதல் கேள்வியே, “யாரு நீ? எந்த ஊரு? எந்தத் தெரு? எப்படிச் செத்த?” என்பதுதான். பேய் பதில் சொல்லியாக வேண்டும். பேர் சொல்லாத பேய் இறங்காது. விடிய விடிய உடுக்கைச் சத்தமும் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும். இருட்டும் இசையும் கலந்த அந்தக் கலையை நாங்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்ததில்லை. ஊர்த்தெருப் பெண்ணைப் பிடிக்கிற பேய் பாதிக்குப் பாதி எங்கள் தெருப் பையனாகத்தான் இருக்கும் என்பாள் என் அப்பாயி. “உசுரோட இருக்கையில அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடக்க விடல. செத்த பெறகு வூட்டுக்குள்ளயே போயி உக்காந்துக்கிட்டான்” என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு எம்.ஏ. வகுப்பில் படித்த எந்தத் திறனாய்வையும்விட உதவியாக இருக்கிறது.

மரத்து உச்சியில் பேய் ஆடுதென்று சொல்கிறவன் பேச்சை நம்பாதே என்று சின்னப் பையனுக்குப் புத்தி சொல்கிற பாட்டை எழுதியவர் எங்கள் பட்டுக்கோட்டையார்தான். ‘அரசிளங்குமரி’ 1961இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1959 அக்டோபரில், 29 வயதிலேயே போய்விட்டார். ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான ‘கல்யாணப் பரிசு’க்குப் பாட்டெழுதியவரும் அவரே. நாலு வருசம் கழித்து அதே ஸ்ரீதர் பேய் மாளிகைக்குப் போனபோது பட்டுக்கோட்டையார் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசிப்பதுண்டு. பேய் பொய் என்று அவர் சொன்னது சரி. ஆனால் போலீஸ் எழுதாத சாவுகளுக்கு எங்கள் தெருவில் பேய்க்கதைதான் எப்.ஐ.ஆர். இதையும் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, வில்லன் ஏன் ஜமீன்தார்? ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். 1963இல் ஜமீன்தாரைக் கெட்டவனாகக் காட்டினால் யாருக்கும் கோபம் வராது. அவன் ஏற்கெனவே செத்த பாம்பு. காவிரிப் பாசனத்து நெல் வயல்களில் அன்றைக்கு ஆதிக்கம் செய்தவர்கள் மிராசுதார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அவர்கள் கை ஓங்கியே இருந்தது. மிராசுதாரை வில்லனாகப் போட்டு மாளிகைக்குப் பதில் களத்துமேட்டைக் காட்டியிருந்தால், அது வேறு படமாகியிருக்கும். படம் வந்து ஐந்து வருசத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இவ்வளவு நிலமுள்ள, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. சினிமா நம்பியது. நம்பியார் ஆளை அனுப்பவில்லை, தானே கொன்றார். இந்த ஒரு விசயத்தில் தீர்ப்பைவிடத் திரைக்கதை உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் அங்கேயும் ஒரு சலுகை இருக்கிறது. ஜமீன்தார் கண்ணம்மாவைக் கொல்கிறார், மகனை விட்டுவிடுகிறார். 2024 ஜனவரியில் இங்கே பட்டுக்கோட்டை வட்டாரத்தில் நடந்தது தோழர்களுக்கு நினைவிருக்கும். தலித் இளைஞனைக் கலியாணம் கட்டிய 19 வயதுப் பெண். திருப்பூர்ப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பெற்றவனோடு அனுப்பிவைக்கப்பட்டாள். மறுநாள் அவள் சாம்பல். கொன்று எரித்ததாகத் தகப்பன்மேலும் தாய்மேலும் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். இந்தக் கதையில் மாளிகை இல்லை, துப்பாக்கி இல்லை, பின்னணி இசை இல்லை. சொந்த மகள் என்ற சலுகையும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு மறுபிறவியை எப்படி ரசிப்பது? இந்த ஜென்மத்தில் சேர முடியாதவர்கள் அடுத்த ஜென்மத்தில் சேர்வார்கள் என்று படம் ஆறுதல் சொல்கிறது. போன ஜென்மத்துப் பாவம்தான் உன்னைச் சேரியில் பிறக்க வைத்தது என்று சொன்னதும் இதே ஜென்மக் கணக்குதானே. ஆன்மா இல்லை என்றால் கர்மமும் மறுபிறப்பும் எப்படி நிற்கும் என்ற கேள்வியை அண்ணல் அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ முன்னுரையிலேயே எழுப்பியிருக்கிறார். அந்த நூல் 1957இல் வந்துவிட்டது. படத்துக்கு ஆறு வருசம் முன்னால்.

2021இல் அதே தலைப்பில் செல்வராகவனின் ஒரு பேய்ப்படம் வந்தது, யுவன் இசையில். அதில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த மரியம் என்ற பெண்ணை வீட்டு முதலாளியே கெடுத்துக் கொல்கிறான். அவள் அடுத்த ஜென்மத்துக்குக் காத்திருக்கவில்லை, அதே வீட்டுக்கு வருகிறாள். வேலைக்காரியின் சாவைப் பேய்க்கதையின் நடுவில் வைத்தது ஒரு படி முன்னேற்றம்தான். ஆனால் கடவுள், சாத்தான் என்று அவளைச் சிலுவைக்குள் நிறுத்திவிட்டார்கள். கூலி பாக்கி மறந்துபோனது.

போன கோடையில் எங்கள் தெரு இரவுப் பள்ளியில் 1963 படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, வாடகை புரொஜக்டர். இரண்டு தடவை கரண்ட் போனது. பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை கடைசிவரை பேசாமல் பார்த்தது. படத்தில் கிழவரைச் சட்டம் தொடுவதே இல்லை, விதிதான் முடித்து வைக்கிறது. விளக்குப் போட்டதும் அது கேட்டது: “ஏண்ணா, கண்ணம்மாவ அடக்கம் பண்ணுனது ஆரு? அவ அப்பா அம்மா போலீசுக்கே போவலியா?”

யாரும் பதில் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும், “போயிருப்பாங்க தாயி, எழுதிக்கிட்டிருக்க மாட்டான்” என்றார்.